டோர்க்கஸ் டப்ஹோமின் மூன்றாவது சாட்சி

டோர்க்கஸ் டப்ஹோம் செத்துப்போன அன்று எங்கள் ஊர் ஆல்டர்பியில் அவளைப் பற்றி ஒரே பேச்சுதான்: கோழை. சொந்த அண்ணன் மகளை நடுத்தெருவில் விட்டுவிட்டு, மிரட்டியவனுக்கு வீட்டை எழுதிக் கொடுத்த கோழை. நானும் சொன்னேன். மற்றவர்களைவிடச் சத்தமாகவே சொன்னேன், ஏனென்றால் அந்த உயிலை எழுதியவன் நான்.

என் பெயர் ஒபதையா டவுஸ். ஊர் தேவாலயத்து எழுத்தன். பாதிரியார் மேலே நின்று ஜெபம் சொன்னால் கீழே உட்கார்ந்து 'ஆமென்' சொல்வதும், பிறப்பு, கல்யாணம், சாவு மூன்றையும் பதிவேட்டில் ஏற்றுவதும் என் வேலை. லிங்கன் நகரத்து வக்கீலிடம் போக மனசு வராத கஞ்சர்கள் உயில் எழுத என்னிடம்தான் வருவார்கள். 'கடவுளின் பெயரால், ஆமென்' என்று தொடங்கி, ஆத்துமாவைக் கடவுளுக்கும் உடம்பை மண்ணுக்கும் கொடுத்துவிட்டு, பிறகு கட்டில் யாருக்கு, செம்புக் கொப்பரை யாருக்கு என்று எழுதுவேன். ஆத்துமாவைக் கொடுக்கும்போது சுற்றி இருப்பவர்கள் கொட்டாவி விடுவார்கள். கொப்பரை வரும்போது எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள். இருபது வருஷம் இந்த வேடிக்கையைப் பார்த்தவன் நான். எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பும் இருந்தது.

டோர்க்கஸ் பிறந்தது சந்தைமுனையில் இருக்கும் ரொட்டிக் கடை வீட்டில். அப்பா காக்வெல் ரொட்டி சுடுகிறவர். பெரிய செங்கல் அடுப்பு, மேலே இரண்டு அறை, பின்னால் கொஞ்சம் கொல்லை. மகன் ஒருவன் இருந்தான், குடிப்பதைத் தவிர வேறு வேலை தெரியாதவன். அதனால் கிழவர் காக்வெல் ஊர் வாய்க்குப் பயப்படாமல் வீட்டை மகள் பேரில் எழுதி வைத்தார். மகனை விட்டு மகளுக்கா என்று ஊர் ஆறு மாதம் அங்கலாய்த்தது. அந்த மகன் தெருவில் விழுந்து கிடந்தபோது ஒருத்தரும் தூக்கிவிடவில்லை என்பது வேறு விஷயம்.

பிறகு அவள் மத்தியாஸ் டப்ஹோமைக் கல்யாணம் செய்துகொண்டாள். லிங்கனில் ஒரு வக்கீலிடம் பிரதி எடுக்கும் வேலை அவருக்கு. ஒரு டிரங்குப் பெட்டியோடும் மைக்கூட்டோடும் வந்து இறங்கினார். அவ்வளவுதான் அவர் கொண்டுவந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அது 'டப்ஹோம் வீடு' ஆகிவிட்டது. எங்கள் ஊரில் ஒரு பெண் தன் அப்பாவின் செங்கலுக்குள் பிறந்து, அதே செங்கலுக்குள் மாவு பிசைந்து, அதே செங்கலுக்குள் கிழவியானாலும் அது பெட்டியோடு வந்தவன் வீடுதான். புருஷன் உயிரோடு இருக்கிறவரை அவளுக்கு உயில் எழுத வாய் கிடையாது, அவன் சம்மதித்தால் உண்டு. விதவையானால்தான் சட்டத்தின் கண்ணுக்கு அவள் ஓர் ஆளாகத் தெரிவாள். இந்தச் சட்டங்களைச் செய்தவர்கள் படித்தவர்கள் என்று சொல்கிறார்கள்.

முப்பத்தோரு வருஷம் வாழ்ந்தார்கள். பிள்ளை இல்லை. மத்தியாஸ் பகலில் முடியாத பிரதிகளை வீட்டுக்குக் கொண்டுவருவார். சாயங்காலம் ஜன்னல் வழியே பார்த்தால் அவர் ஒரு தாளை வைத்துக்கொண்டு முணுமுணுவென்று வாசிப்பார், அவள் மடியில் இன்னொரு தாளோடு தலை குனிந்து உட்கார்ந்திருப்பாள். பாவம், தூங்கி விழுகிறாள் என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம். எங்களுக்கு அவ்வளவுதான் புத்தி.

குடிகார அண்ணன் செத்தபோது அவனுடைய ஒரே மகள் ஹெஸ்டரை டோர்க்கஸ் கூட்டிவந்து வைத்துக்கொண்டாள். அப்போது அவளுக்குப் பதினாறு வயது. முகம் முழுக்க அம்மைத் தழும்பு, வாய் முழுக்கக் காரம். வாங்க வருகிறவர்களிடமே, "அழுத்தி அழுத்திப் பார்க்காதே, வாங்கினா வாங்கு, இல்லேன்னா கையை எடு" என்பாள். ஆனால் அவள் சுட்ட உலர்திராட்சை ரொட்டிக்கு மூன்று ஊரிலிருந்து ஆள் வரும். அவள் முகத்துக்கு மறைக்கத் தெரியாது. ஒருத்தரைப் பிடிக்கவில்லை என்றால் அது அவள் மூக்கிலேயே தெரியும். டோர்க்கஸுக்கு வயதாக வயதாக அடுப்பும் கடையும் முழுக்க ஹெஸ்டர் கைக்கு வந்துவிட்டன. அவளுக்கு வேறு போக்கிடம் கிடையாது. அந்த வீடு இருந்தால் அவள் ரொட்டிக்காரி, வீடு போனால் யார் வீட்டிலாவது தரை துடைக்க வேண்டும்.

மத்தியாஸ் போன ஒரு வாரத்தில் ஜெர்வாஸ் டப்ஹோம் வந்தான். மத்தியாஸின் தம்பி மகன். பெரியப்பா உயிரோடு இருந்தபோது வருஷத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்க்காதவன், செத்தபிறகு வாரத்துக்கு இரண்டு முறை வந்தான். ஊருக்கு வெளியே ஆடு மாடு வளர்க்கும் பண்ணை அவனுக்கு. ஆனால் பண்ணைக்காரன் என்று சொன்னால் முகம் கோணும். பவுடர் போட்ட டோப்பாவைத் தலையில் வைத்துக்கொண்டு ஆட்டு மந்தை நடுவே நடப்பான். கையெழுத்து ஒன்று வைத்திருந்தான் பாருங்கள், முதல் எழுத்து மேலே மூன்று சுற்றுச் சுற்றி, கடைசி எழுத்தின் வால் தாளின் ஓரம் வரை போய், திரும்பி வந்து, அடியில் ஒரு முடிச்சுப் போட்டு நிற்கும். கம்பளி விற்ற சீட்டில் கையெழுத்துப் போடவே கால் மணி நேரம் எடுத்துக்கொள்வான்.

அந்தச் சமயம் எங்கள் ஊர் வழியாகச் சுங்கச் சாலை போடப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. குதிரை வண்டிகள் நிற்க ஒரு சத்திரம் வேண்டும். சந்தைமுனையைவிட நல்ல இடம் எது? ஜெர்வாஸுக்குப் பெரியம்மா மேல் அன்பு பொங்கிவிட்டது.

நான் அங்கே ரொட்டி வாங்கப் போயிருந்த ஒரு நாள் அவன் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தான்.

"பெரியம்மா, உங்களுக்கு எழுபது ஆகப்போகுது."

"அறுபத்தஞ்சு. நீ அஞ்சு வருஷத்தை முன்னாடியே சாப்பிட்டுட்டே."

"சிரிக்காதீங்க. நாளைக்கே ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா? டப்ஹோம் வீடு டப்ஹோம்கிட்டதானே இருக்கணும்? பெரியப்பா ஆத்மா சாந்தி அடையணும்ல?"

"உன் பெரியப்பா ஆத்மாவுக்கு ரொம்ப நாளா தூக்கம்தான் பிடிக்கும். நீ எழுப்பாதே."

உள்ளே மாவு பிசைந்துகொண்டிருந்த ஹெஸ்டர் சத்தமாகவே சிரித்தாள். ஜெர்வாஸ் அந்தப் பக்கம் திரும்பி, "சிரிடி சிரி. முதல் நாளே அந்த அடுப்பை இடிச்சுக் குதிரை லாயம் கட்டுறேன் பாரு" என்றான்.

"இடிக்கறதுக்கு முன்னாடி தலையில இருக்கற மாவைத் துடைச்சுக்கோ. எங்க கடை மாவைவிட உன் தலையில அதிகமா இருக்கு."

இப்படி ஐந்து வருஷம் போயிற்று. கெஞ்சினான், குழைந்தான், பிறகு மிரட்ட ஆரம்பித்தான். கிழவிக்குப் புத்தி தடுமாறுகிறது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். லிங்கனிலிருந்து வைத்தியரை அழைத்துவந்து சான்று வாங்கி, அவளைத் தன் பண்ணைக்குத் தூக்கிக்கொண்டு போய் ஓர் அறையில் வைத்துவிடப் போவதாகச் சொன்னான். ஹெஸ்டரை வீட்டில் நுழைய விடமாட்டேன் என்றும் சொன்னான். சும்மா சொல்கிற ஆள் இல்லை அவன். தன் சொந்த அம்மாவையே அப்படித்தான் கொல்லைக் கொட்டகையில் வைத்து ஒரு குளிர்காலத்தில் முடித்தான். அது ஊருக்குத் தெரியும். தெரிந்தும் அவனைப் பார்த்தால் தொப்பியைக் கழற்றுவோம். என் தொப்பிதான் முதலில் கழலும்.

ஆயிரத்து எழுநூற்று அறுபத்து நாலு அக்டோபரில் டோர்க்கஸ் என்னை வரச் சொன்னாள்.

"டவுஸ், எழுதணும். வியாழக்கிழமை வா."

"யாருக்கு எழுதணும்?"

"அவனுக்குத்தான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஹெஸ்டருக்கு?"

"அவளுக்கு ஒரு ஷில்லிங்."

எங்கள் பக்கத்தில் இதைக் கேட்டவர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும். ஒன்றுமே கொடுக்காமல் விட்டால், மறந்துபோய் விட்டார்கள் என்று உறவுக்காரர் வழக்குப் போட்டுவிடுவார் என்று ஒரு நம்பிக்கை. அதனால் ஒரு ஷில்லிங் எழுதிவைப்பார்கள். மறக்கவில்லை, நினைவு வைத்துக்கொண்டே உதறுகிறேன் என்று அதற்குப் பொருள். காறித் துப்புவதை இதைவிட மரியாதையாகச் செய்ய முடியாது. அந்த ஷில்லிங் ஜெர்வாஸ் சொல்லிக்கொடுத்தது என்று பிறகு தெரிந்தது.

வியாழக்கிழமை போனேன். டோர்க்கஸ் மேல் அறையில் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஜெர்வாஸ் புது டோப்பாவோடு வந்திருந்தான். பக்கத்துச் சேணக்காரர் வில்லியம் லெகாட்டைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். வீடு நிலம் என்றால் மூன்று சாட்சி வேண்டும், அது எனக்குத் தெரியும். நான் ஒன்று, லெகாட் ஒன்று, மூன்றாவது உதவிப் பாதிரியார். ஹெஸ்டர் கீழே அடுப்படியில் இருந்தாள். அவளை மேலே விடக்கூடாது என்று ஜெர்வாஸ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தான்.

எழுதி முடித்தேன். வீடும் அடுப்பும் கொல்லையும் கட்டிலும் ஈயத் தட்டுகளும் ஜெர்வாஸுக்கு. அண்ணன் மகள் ஹெஸ்டருக்கு ஒரு ஷில்லிங். வாசித்துக் காட்டினேன். உதவிப் பாதிரியாரைக் காணோம். வியாழக்கிழமை என்றால் அவர் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு சதுப்பில் காட்டு வாத்துச் சுடப் போய்விடுவார். ஊரில் கைக்குழந்தைக்குக்கூட அது தெரியும். அந்த நாளை ஏன் வைத்தாள் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

"சரி விடு, அடுத்த மாசம் வெச்சுக்கலாம்" என்றாள் டோர்க்கஸ். சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டாள்.

ஜெர்வாஸுக்கு மூச்சே நின்றுவிட்டது. "அடுத்த மாசமா? தெருவில யாரையாவது கூப்பிடறேன்."

"தெருவில போறவனையெல்லாம் என் படுக்கையறைக்குள்ள கொண்டுவராதே. நான் இன்னும் செத்துப்போகலை."

"பெரியம்மா, நீங்க மனசு மாறிட்டா?"

"மாறினா மாறட்டும். எனக்கே தெரியலை. இன்னிக்குக் கொடுக்கணும்னு இருக்கு. நாளைக்கு எப்படி இருக்குமோ."

அவன் அறையில் இரண்டு தடவை குறுக்கும் நெடுக்கும் நடந்தான். பிறகு முகம் மலர்ந்தது. "நானே போடறேனே! மூணாவது ஆளா நான் இருக்கேன்ல?"

கிழவி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "நீயா? உனக்குத்தானேடா எழுதியிருக்கு. அதெல்லாம் சரியா வருமா? நான் ஒண்ணும் தெரியாதவ. டவுஸ், இவன் போடலாமா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, இருபது வருஷ அனுபவத்தை எல்லாம் குரலில் திரட்டி, "ஏன் போடக்கூடாது? தாராளமா போடலாம்" என்றேன்.

"இந்த ஊர்ல என்னைவிட யார் நல்லா கையெழுத்துப் போடுவா, சொல்லுங்க?" என்றான் ஜெர்வாஸ்.

அவள் முதலில் போட்டாள். பேனாவை உருட்டுக்கட்டை பிடிப்பதுபோல் பிடித்து, கை நடுங்க ஒரு சிலுவைக்குறி. லெகாட்டும் சிலுவைதான், அவருக்கு எழுத்துத் தெரியாது. நான் என் பெயரை எழுதினேன். ஜெர்வாஸ் சிலுவைகளைப் பார்த்து உதட்டைச் சுழித்துவிட்டு உட்கார்ந்தான். மூன்று சுற்று, வால், முடிச்சு. அன்றைக்கு முடிச்சுக்கு அடியில் கூடுதலாக ஒரு கோடும் இழுத்தான். லெகாட் ஒரு குவளை பீர் முழுக்கக் குடித்து முடிக்கிறவரை அந்தக் கையெழுத்து நடந்துகொண்டிருந்தது.

"அழகா இருக்குப்பா" என்றாள் டோர்க்கஸ். அவள் அவனை அப்பா என்று கூப்பிட்டு நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அன்று சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. ஜெர்வாஸே சந்தையில் நின்று சொன்னான். ஹெஸ்டர் கையில் மாவோடு மேலே ஏறிப் போனாள். தெருவுக்கே கேட்டது.

"நிஜமா? ஒரு ஷில்லிங்கா? எனக்கா?"

கிழவி பதில் சொன்னது கேட்கவில்லை.

"பத்தொன்பது வருஷம் விடியறதுக்கு முன்னாடி எழுந்து அடுப்பு மூட்டினேனே, அதுக்கா? அவன் மிரட்டினா கொடுத்துடுவியா? எங்கப்பன் குடிகாரன்தான், ஆனா அவன்கூட இப்படிப் பயந்தாங்கொள்ளி இல்லை!"

அன்றிலிருந்து ஹெஸ்டர் அவளை அத்தை என்று கூப்பிடவில்லை. 'மிஸஸ் டப்ஹோம், சூப்பு வெச்சிருக்கு', 'மிஸஸ் டப்ஹோம், விறகு எடுக்கணும்' என்றுதான். வேறு போக்கிடம் இல்லாததால் அங்கேயே இருந்தாள், வேலையும் ஒன்று குறையாமல் செய்தாள். குறையாமல் செய்யப்படும் வேலையில் எவ்வளவு வெறுப்பை வைக்க முடியும் என்று பார்க்க வேண்டுமானால் அந்த வீட்டுக்குத்தான் போயிருக்க வேண்டும்.

நாலு வருஷம். ஜெர்வாஸ் இப்போது உலகத்திலேயே நல்ல பிள்ளை. புத்தி தடுமாறுகிறது என்ற பேச்சே கிடையாது. தடுமாறினால் உயில் என்ன ஆவது? அவனே ஊர் ஊராகப் போய்ப் பெரியம்மா எவ்வளவு தெளிவாக இருக்கிறாள் என்று சொன்னான். மிக்கேல் திருநாளுக்கு வாத்து அனுப்பினான், கிறிஸ்துமஸுக்கு மாட்டுத் தொடை, குளிருக்கு வண்டி நிறைய நிலக்கரி. கூரை ஒழுகியபோது அவனே ஆள் வைத்துப் பழுது பார்த்தான், தன் கூரைதானே. ஹெஸ்டரையும் விரட்டவில்லை. கிழவியைப் பார்த்துக்கொள்ள அவளைவிட மலிவான ஆள் எங்கே கிடைக்கும்?

டோர்க்கஸ் வாத்தைச் சாப்பிட்டாள், கரியில் குளிர் காய்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பெண்கள் அவளுக்கு இடம்விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள். நானும் 'ஆமென்' சொல்லும்போது அவள் பக்கம் பார்க்க மாட்டேன். அவள் யாரிடமும் ஒன்றும் விளக்கவில்லை. ஒரு தடவை நானே பொறுக்க முடியாமல், "ஹெஸ்டர் முகத்தைப் பார்த்தா உங்களுக்கு ஒண்ணும் தோணலையா?" என்று கேட்டுவிட்டேன்.

"தினமும் அவ முகத்தைத்தான் பார்க்கறேன் டவுஸ்" என்றாள். "எல்லாம் அதுல அப்படியே தெரியுது."

கல்நெஞ்சக்காரி என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

அறுபத்தெட்டு பிப்ரவரியில் போய்ச் சேர்ந்தாள். சாவுச் செலவில் ஜெர்வாஸ் கை நடுங்கவில்லை. சட்டப்படி கம்பளித் துணியில்தான் புதைக்க வேண்டும், அதை நல்ல கம்பளியாகவே போட்டான். வந்தவர்களுக்கெல்லாம் கறுப்புக் கையுறை கொடுத்தான், முக்கியமானவர்களுக்கு ஆட்டுக்குட்டித் தோலில். யாருக்குத் தோல், யாருக்கு வெறும் துணி என்று அடுத்த பத்து நாள் ஊர் அதையே பேசியது. எனக்குத் துணி. புதைத்த கையோடு எல்லோரும் ரொட்டிக் கடை வீட்டில் கூடினோம். சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு கொத்தனாரையும் ஜெர்வாஸ் கூட்டிவந்திருந்தான். ஹெஸ்டர் மூலையில் நின்றாள். அவளுடைய துணிமூட்டை கட்டி வாசலில் வைத்திருந்தது.

உயிலை வாசிக்க நான் போதாது என்று லிங்கனிலிருந்து ஓர் இளம் வக்கீலை அவன் வரவழைத்திருந்தான். நல்ல வேளை. அந்த ஆள் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசிப் பக்கத்தைப் பார்த்தான், முதல் பக்கத்தைப் பார்த்தான், மறுபடி கடைசிப் பக்கத்துக்குப் போனான்.

"இந்தக் கையெழுத்து யாருது?"

"என்னுடையதுதான்" என்றான் ஜெர்வாஸ், கொஞ்சம் பெருமையாகவே.

"நீங்களே போட்டதா? யாரும் கட்டாயப்படுத்தலையே?"

"கட்டாயமா? நானேதான் கேட்டுப் போட்டேன்."

வக்கீல் உயிலை மடித்து வைத்தான். "ஐயா, பதினாறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு சட்டம் வந்தது. உயிலுக்குச் சாட்சி போட்டவருக்கு அதே உயில்ல வீடு நிலம் எழுதியிருந்தா அது செல்லாது. உங்க சாட்சி செல்லும். உங்களுக்கு எழுதின வீடு செல்லாது."

"என்னய்யா உளறறே?"

"நீங்க போடாம இருந்திருந்தா வீடு உங்களுது. போட்டுட்டீங்க. இப்போ வீட்டுக்கு உயிலே இல்லாத மாதிரிதான். இறந்தவங்களுக்குப் பிள்ளை இல்லை. அவங்க ரத்த வாரிசு யாரோ அவங்களுக்குப் போகும். அண்ணன் மகள்னு யாரோ இருக்காங்களாமே?"

எல்லோரும் மூலைப்பக்கம் திரும்பிப் பார்த்தோம். ஹெஸ்டர் திறந்த வாயோடு நின்றாள்.

ஜெர்வாஸ் என் மேல் பாய்ந்தான். "யோவ் டவுஸ்! நீதானேய்யா தாராளமா போடலாம்னு சொன்னே!"

"நீங்கதானே உங்களைவிட நல்லா யார் போடுவான்னு கேட்டீங்க" என்றேன். என் வாழ்க்கையில் சமயத்துக்கு வாயில் வந்த பதில் அது ஒன்றுதான்.

வக்கீல் ஒன்றைச் சேர்த்துச் சொன்னான். உயிலை நிறைவேற்றும் பொறுப்பு ஜெர்வாஸ் பேரில் இருக்கிறது, ஆகவே ஹெஸ்டருக்கு எழுதிய ஒரு ஷில்லிங்கை அவன்தான் கொடுக்க வேண்டுமாம். சேணக்காரர் லெகாட் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினார். கையுறை வாங்கிக்கொண்டவர்கள் ஒருவர் பின் ஒருவராக நழுவினார்கள். யாரும் கையுறையைக் கழற்றிக் கொடுக்கவில்லை.

சாமான்களுக்கு அந்தச் சட்டம் பொருந்துமா பொருந்தாதா என்று வக்கீலுக்கே சந்தேகம். ஹெஸ்டர் வாதாடவில்லை. மறுநாள் ஜெர்வாஸ் வண்டி கொண்டுவந்து கட்டிலையும் ஈயத் தட்டுகளையும் அள்ளினான். மத்தியாஸின் டிரங்குப் பெட்டியையும் விடவில்லை. அதற்குள் இருந்த பழைய காகிதங்களைத் தரையில் கொட்டிவிட்டுப் பெட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு போனான். இவன் சத்திரம் கட்டியிருந்தால் வந்தவனுக்குத் தண்ணீராவது கிடைத்திருக்குமா என்று நினைத்துக்கொண்டேன்.

ஊர் இப்போது வேறு பாட்டுப் பாடியது. கிழவிக்கு ஒன்றும் தெரியாது, அவன் அவசரப்பட்டு மண்ணைக் கவ்வினான், டவுஸ்தான் சட்டம் தெரிந்தவன், வேண்டுமென்றே அவனை மாட்டிவிட்டான் என்றார்கள். நான் இல்லை என்று சொல்லவில்லை. இரண்டு நாள் எனக்கு இலவச பீர் கிடைத்தது.

மூன்றாம் நாள் ஹெஸ்டர் என்னைக் கூப்பிட்டனுப்பினாள். தரையில் கொட்டிய காகிதங்களை அடுப்பு மூட்ட எடுத்துவந்திருக்கிறாள், அதில் ஒன்றில் கண் நின்றுவிட்டது. என்னிடம் நீட்டினாள்.

அச்சடித்தாற்போல மத்தியாஸின் கையெழுத்து. சட்டத்தின் பிரதி. வக்கீல் சொன்ன அதே சட்டம்தான், உயில், சாட்சி எல்லாம் இருந்தது. ஆனால் ஒரு வரியில் மத்தியாஸ் ஒரு சொல்லை விட்டுவிட்டிருந்தார். 'செல்லாது' என்ற சொல். ஓரத்தில் வேறொரு கையில், சின்னச் சின்ன உருண்டை எழுத்தில், அந்தச் சொல்லை எழுதி, எங்கே சேர்க்க வேண்டும் என்று அம்புக்குறி போட்டிருந்தது.

"இது யார் எழுத்து?" என்று கேட்டேன்.

"அத்தை எழுத்து."

"அவங்களுக்கு எழுதத் தெரியாதே."

"ஏன் தெரியாது? எனக்கு எழுத்துக் கத்துக் கொடுத்ததே அவதான். மாமா எழுதற பிரதியை எல்லாம் அவதான் சரி பார்ப்பா."

"உயில்ல சிலுவைதானே போட்டாங்க!"

ஹெஸ்டர் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவளை அன்று மேலே விடவில்லை, அதனால் அந்தச் சிலுவையை அவள் பார்த்ததே இல்லை. வியாழக்கிழமை, சதுப்புக்குப் போன உதவிப் பாதிரியார், நடுங்கிய கை, 'இவன் போடலாமா' என்ற கேள்வி எல்லாம் எனக்குச் சேர்ந்தாற்போல விளங்கின. என்னிடம் கேட்டது சட்டம் தெரிந்துகொள்ள அல்ல. எனக்குத் தெரியாது என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். ஊரிலேயே பெரிய முட்டாளை உயில் எழுதக் கூப்பிட்டிருக்கிறாள். வெட்கத்தில் என் காது சுட்டது.

"அவனுக்கு எழுதிக் கொடுக்கலேன்னா அவங்களைத் தூக்கிட்டுப் போயிருப்பான்" என்றேன். "உன்னை அன்னிக்கே வெளியே தள்ளியிருப்பான். வேற காகிதத்துல கையைப் பிடிச்சுக் கையெழுத்து வாங்கியிருப்பான். கொடுத்ததாலதான் நாலு வருஷம் ரெண்டு பேரையும் விட்டு வெச்சான்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல? ஒரு வார்த்தை."

"சொல்லியிருந்தா மறுநாள் அவன் கடைக்குள்ள வர்றப்போ நீ அவனைப் பார்த்துச் சிரிச்சிருப்பே. உன் முகத்துல தெரிஞ்சிருக்கும். உடனே புது உயில் கேட்டிருப்பான்."

"அதனால நான் வெறுக்கட்டும்னு விட்டுட்டாளா?"

தலையை ஆட்டினேன்.

ஹெஸ்டர் மாவுப் பலகை மேல் கையை ஊன்றிக்கொண்டாள். "கடைசி வாரம் கூப்பிட்டா. 'கொஞ்ச நேரம் பக்கத்துல உட்காரேன்'னு சொன்னா. 'மாவு புளிச்சுடும், மிஸஸ் டப்ஹோம்'னு சொல்லிட்டுக் கீழே வந்துட்டேன். அன்னிக்கு மாவே பிசையலை டவுஸ். வெறும் அடுப்பு முன்னாடி நின்னுட்டிருந்தேன்."

பிறகு அழுதாள். நான் யாரும் அப்படி அழுது பார்த்ததில்லை. நிறுத்தவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை, தரையில் அந்தக் காகிதங்களுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டாள். அன்று சந்தை நாள். கடை வாசலில் கூடையோடு பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். அடுப்பு மூட்டவில்லை என்று முதலில் முணுமுணுத்தவர்கள், ஜன்னல் வழியே எட்டிப் பார்த்ததும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு இளித்தார்கள். வீடு கிடைத்த சந்தோஷத்தில் அழுகிறாள் என்று சொல்லிக்கொண்டே கலைந்து போனார்கள்.